முகத்தை மறைத்தால் மட்டும் போதாது

வணக்கம். டெக்சஸில் நீங்கள் பழகும் மெக்சிகோ, குவாத்தமாலா பெண்கள், வீட்டில் பட்ட அடியைத் தாங்களே சின்ன வீடியோவாகச் சொல்ல முன்வந்திருக்கிறார்கள். நிதி தருபவரோ யூடியூபில் போடச் சொல்கிறார், முகத்தை மறைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. குரலை வைத்தே மாமியார் ஆளைச் சொல்லிவிடுவார். சமையலறைக் காலண்டரின் அடியில் அச்சாகியிருக்கும் இறைச்சிக் கடைப் பெயர், பிள்ளையின் பள்ளிச் சீருடை, எல்லாமே காட்டிக்கொடுக்கும். போனில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பு இருக்கும், அதையும் நீக்குங்கள். கதையை வேறொரு பெண் வாசிக்கட்டும், படங்களைக் கையால் வரையட்டும். அப்போதும் கதை அடிபட்டவருடையதாகவே இருக்கும்.

சம்மதத்தை ஒரே கையெழுத்தோடு முடித்துவிடாதீர்கள். எடிட்டிங் முடிந்ததும் போட்டுக் காட்டி மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். குவாத்தமாலாப் பெண்கள் சிலருக்கு ஸ்பானிஷே இரண்டாம் மொழி. அவர்களுடைய மாயன் மொழிகளான மாம், கிச்சே பேசுபவரை வைத்துப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். யூ விசாவுக்கோ (குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அமெரிக்கா தரும் விசா) குழந்தைப் பொறுப்புக்கோ மனு போட்டிருப்பவர் என்றால், வக்கீலிடம் கேட்காமல் பதிவே செய்யாதீர்கள். வாக்குமூலத்துக்கும் வீடியோவுக்கும் ஒரு தேதி மாறினாலும் அவருக்கு எதிராகத் திருப்புவார்கள்.

யூடியூபுக்குப் பதில், அந்த ஊர்ப் ப்ரொமோத்தோராக்களை, அதாவது சமூகச் சுகாதாரத் தொண்டர்களை வைத்து, சர்ச் கூடத்தில் பத்துப் பதினைந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்தபின் வரும் பேச்சில்தான் பலர் வாய் திறப்பார்கள். அப்போது ஆலோசகர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பானிஷிலும் பேசும், குடும்ப வன்முறைக்கான அமெரிக்கத் தேசிய உதவி எண் 1-800-799-7233 திரையில் நிற்கட்டும். நிதி தருபவரிடம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்குப் பதில் எத்தனை கூட்டம் நடந்தது என்று கணக்குக் கொடுக்கலாமா எனக் கேட்டுப் பாருங்கள்.