வாசல் திறக்கும் நேரம்

கேள்வி: லண்டனில் இருக்கும் எங்கள் மாப்பிள்ளை, ஆகஸ்டில் எங்களையும் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லிமிங்டனிலிருந்து, பிரான்ஸ் கரைக்கு அருகில் இருக்கும் கெர்ன்சி தீவுக்குப் பாய்மரப் படகில் போகத் திட்டமிட்டிருக்கிறார். “நடுராத்திரி கிளம்பினால்தான் நேரத்துக்கு உள்ளே நுழைய முடியும். தவறினால் ஏழெட்டு மணி நேரம் வெளியே காத்திருக்கணும்” என்கிறார். துறைமுகம் என்றால் எந்நேரமும் போகலாம்தானே? படகு தரை தட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: அம்மா, உங்கள் மாப்பிள்ளை சரியாகத்தான் சொல்கிறார். பதினெட்டு வருஷமாக நான் போய்வரும் வழி அது. நேரம் பார்த்துக் கிளம்புகிறவர் கையில் படகு இருக்கிறது என்பதே உங்களுக்கு நிம்மதி தர வேண்டிய விஷயம்.

சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் ஒரு மீட்டர் வித்தியாசம் வந்தாலே பெரிது. கெர்ன்சியின் செயின்ட் பீட்டர் போர்ட்டில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கு நாள்களில், நீர்மட்டம் 1.4 மீட்டரிலிருந்து 9.3 மீட்டருக்கு ஏறும். ஆறு மணி நேரத்தில் இரண்டு மாடி உயரம்! வற்றும்போது உள்துறையில் படகுகள் மிதக்கத் தண்ணீர் வேண்டுமே? அதற்காக விக்டோரியா மெரினாவின் வாயில் குறுக்கே ஒரு தடுப்பு கட்டியிருக்கிறார்கள். (அங்கே மெரினா என்றால் படகுகளைக் கட்டிவைக்கும் இடம்.) நம் வீட்டு நிலைப்படி மாதிரிதான் அது. கடல் இறங்கினாலும் படிக்கு உள்ளே இருக்கிற தண்ணீர் அப்படியே நிற்கும். படியின் உயரம், கடல் வரைபடத்தின் பூஜ்யத்திலிருந்து (கடல் மிகவும் வற்றும்போது நிற்கும் மட்டம்; நீர்மட்டத்தையும் அதிலிருந்துதான் அளப்பார்கள்) 4.2 மீட்டர்.

இனி கணக்கு. படகின் அடிப்பாகம் தண்ணீருக்குள் 1.8 மீட்டர் இறங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் படிக்கும் நடுவே அரை மீட்டராவது இடைவெளி வேண்டும். 4.2, 1.8, 0.5 மூன்றையும் கூட்டினால் 6.5. கடல் அந்த உயரத்தைத் தொட்ட பிறகுதான் வாசல் திறந்ததாக அர்த்தம்.

எப்போது தொடும்? கடல் ஒரே வேகத்தில் ஏறாது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால் முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. இப்படிப் பார்த்தால் பெருக்கு நாளில் உச்ச நீருக்கு முன்னும் பின்னும் இரண்டே கால், இரண்டரை மணி நேரம் நுழையலாம். அஷ்டமி கழிந்த நாள்களில் உச்சமே 7 மீட்டர்தான். அப்போது முன்னும் பின்னும் ஒன்றரை மணிக்கு மேல் கிடைக்காது. காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். சராசரியான 1013 மில்லிபாரைவிட ஒரு மில்லிபார் கூடினால் கடல் சுமார் ஒரு சென்டிமீட்டர் தாழும். 1033 மில்லிபார் காட்டுகிற தெளிவான நாளில் 20 சென்டிமீட்டர் காணாமல் போகும். அரை மீட்டர் இடைவெளியில் அது சின்னத் தொகை இல்லை.

உங்கள் வீட்டுக் காலண்டரே இதில் பாதியைச் சொல்லிவிடும். அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் பெருக்கு உச்சம். அந்த நாள்களில் அங்கே கடல் நிறைவது காலையிலும் மாலையிலும். பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு வற்றிக் கிடக்கும். நவமி, தசமி வாக்கில் தலைகீழாக, பிற்பகலில்தான் நிறையும். நீங்கள் போகிற நாளின் திதி என்ன என்று பாருங்கள். மாப்பிள்ளை நடுராத்திரி கிளம்புவதற்குக் காரணம் அங்கேயே இருக்கும். தூரம் சுமார் 85 கடல் மைல், மணிக்கு 5 மைல் வேகம் என்றால் 17 மணி நேரம். மாலை ஆறு மணிக்கு வாசலில் நிற்க வேண்டியவர் இரவு ஒரு மணிக்குக் கிளம்பத்தானே வேண்டும்?

நான் ஒருமுறை இதில் தவறினேன். ஏற்றவற்ற அட்டவணையில் உச்ச நீர் 19:00 என்று இருந்தது. அது கிரீன்விச் நேரம். கோடையில் அங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும், உச்சம் உண்மையில் எட்டு மணிக்கு. கூட்ட மறந்துவிட்டேன். ஐந்தடிக்கக் கால் மணி இருக்கும்போது வாசலுக்கு வந்தால் சிவப்பு விளக்கு. படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் என்று காட்டும் அளவுப் பலகையில் 0.9. என் படகுக்கு அதில் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். காத்திருப்போருக்கான மிதவையில் கட்டினோம். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அப்பா புளியோதரைத் தூக்கைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு பலகையையே பார்த்திருந்தார். மூன்றரை நிமிஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர், அரைச் சாண், கண்ணெதிரே எண்கள் ஒவ்வொன்றாக முங்கின. “இன்னைக்கு துவிதியைல்லா, வெள்ளம் பொங்கத்தான் செய்யும்” என்றார் அப்பா. ஐம்பது நிமிஷத்தில் 2.3. விளக்கு பச்சைக்கு மாறியிருந்தது, போனோம்.

முன்னால் வந்ததால் ஐம்பது நிமிஷத்தோடு போயிற்று. பிந்தியிருந்தால் அடுத்த ஏற்றம் வரை ஏழரை மணி நேரம். அதனால் மாப்பிள்ளையிடம் ஒன்று கேளுங்கள்: நீர் ஏறும்போது நுழைவதாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாரா? ஏறும் நீரில் எங்காவது தட்டினாலும் பத்து நிமிஷத்தில் கடலே தூக்கிவிடும். இறங்கும் நீரில் தட்டினால் தூக்க யாரும் இல்லை. அதுவும் பெருக்கின் உச்சியில் மணலில் ஏறி நின்றுவிட்டால், அடுத்தடுத்த ஏற்றங்கள் அந்த உயரத்தைத் தொடாமல், படகு இரண்டு வாரம்கூட அங்கேயே கிடக்க நேரும்.

தீவை நெருங்கும்போது லிட்டில் ரசல் என்ற கால்வாயில் நீரோட்டம் 5 மைல் வேகம் வரை போகும். எதிர்த்து ஓடினால் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். போட்ட கணக்கு முழுக்கக் கலைவது அங்கேதான். அதையும் பார்த்தாரா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தரை தட்டினாலும் சாயாமல் நிற்கும் படகு உண்டாமே?
– வாசகர், திருச்சி

பதில்: உண்டு. அடியில் ஒன்றுக்குப் பதில் இரண்டு கீல் (படகின் அடியிலிருந்து தண்ணீருக்குள் நீண்டிருக்கும் கனமான தகடு) வைத்த படகுகள் பிரிட்டனில் நிறைய. நீர் வற்றினால் இரண்டு காலில் நிற்கும். இறங்கி, அடியில் ஒட்டிய பாசியைச் சுரண்டி, ஏற்றம் வருமுன் மேலே ஏறிவிடலாம். கட்டியான மணலில்தான் நிறுத்த வேண்டும். ஒரு கால் சேற்றில் புதைந்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். கட்டிலில் படுத்திருப்பவருக்கு ராத்திரி தூக்கம் இராது.