புதிய கேம் கன்சோல்: முதல் வார விற்பனையை நம்பி வாங்கலாமா?

கேள்வி: புதிய வீடியோ கேம் கன்சோல் வெளியானதுமே வாங்கிவிடலாமா, அது சந்தையில் நிலைக்கிறதா என்று பார்த்த பிறகு வாங்கலாமா? இரண்டே ஆண்டுகளில் கேம்கள் வருவது நின்றுபோனால் கொடுத்த பணம் வீணாகிவிடும். முன்பதிவு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது என்ற செய்தியை வெற்றியின் அறிகுறியாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ள வேண்டாம். எத்தனை பெட்டிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன என்பது தெரியாதவரை, அவை தீர்ந்துவிட்டன என்ற செய்தியால் பயன் இல்லை. அது மட்டுமல்லாமல், முதல் சில வாரங்களில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த நிறுவனம் எதை வெளியிட்டாலும் வாங்கக்கூடிய தீவிர ரசிகர்கள். பின்னாளில் வெற்றி பெற்ற கன்சோலையும் அவர்கள் வாங்கியிருப்பார்கள், தோற்ற கன்சோலையும் வாங்கியிருப்பார்கள்.

ஜப்பானிய கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் இரண்டு கன்சோல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 2012 நவம்பரில் வெளியான வீ யூ, அந்த ஆண்டு முடிவதற்குள் 30.6 லட்சம் விற்றது. 2017 மார்ச் 3 அன்று வெளியான ஸ்விட்ச், அம்மாத இறுதிவரை 27.4 லட்சம் விற்றது. வீ யூவுக்குக் கிறிஸ்துமஸ் பருவமும் கூடுதலாக இரண்டு வாரங்களும் கிடைத்தன என்பது உண்மைதான். ஆயினும் இந்த இரண்டு எண்களை மட்டும் கொண்டு எது வெல்லும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. அடுத்த காலாண்டுதான் வேறுபாட்டைக் காட்டியது. 2013 ஜனவரி முதல் மார்ச் வரை வீ யூ 3.9 லட்சமாகவும், அதற்கடுத்த மூன்று மாதங்களில் 1.6 லட்சமாகவும் சரிந்தது. ஸ்விட்ச்சோ, வழக்கமாக விற்பனை மந்தமாக இருக்கும் ஏப்ரல்–ஜூன் காலத்திலும் ஏறத்தாழ 20 லட்சம் விற்றது. இறுதியில் வீ யூ 1.36 கோடியோடு நின்றுவிட, ஸ்விட்ச் 15 கோடியைக் கடந்தது.

தயாரித்த நிறுவனத்தின் கணிப்பையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 2014 மார்ச்சில் முடியும் நிதியாண்டில் 90 லட்சம் வீ யூ விற்கும் என்று அறிவித்த நிண்டெண்டோ, ஆண்டு முடிய இரண்டு மாதங்களே இருந்தபோது அதை 28 லட்சமாகக் குறைத்தது. ஸ்விட்ச்சின் முதல் முழு நிதியாண்டுக்கு ஒரு கோடி என்று கணித்தது. விற்றது ஒன்றரைக் கோடி.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது, பிற நிறுவனங்கள் அந்த கன்சோலுக்குக் கேம் எழுதுகின்றனவா என்பது. வெளியீட்டு நாள் பட்டியல் எப்போதுமே நீளமாகத்தான் இருக்கும். கவனிக்க வேண்டியது இரண்டாம் ஆண்டுக்கு யார் கேம் அறிவித்திருக்கிறார்கள் என்பதைத்தான். வீ யூ வெளியாகி ஆறே மாதங்களில், அதற்காக அப்போது எந்தக் கேமையும் உருவாக்கிக்கொண்டிருக்கவில்லை என்று பெரிய கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கூறிவிட்டது. அதே நிறுவனம் சேகா நிறுவனத்தின் கன்சோலான ட்ரீம்காஸ்ட்டைத் தொடக்கத்திலிருந்தே புறக்கணித்தது. 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் அமர்க்களமாக அறிமுகமான ட்ரீம்காஸ்ட், 2001 மார்ச்சில் உற்பத்தி நிறுத்தத்தைச் சந்தித்தது. டிவிடியும் ஓட்டக்கூடிய சோனியின் பிளேஸ்டேஷன் 2 வரப்போகிறது என்று பலர் காத்திருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

வன்பொருளின் திறனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பிளேஸ்டேஷன் 2 தன் போட்டியாளரான, மைக்ரோசாப்ட்டின் எக்ஸ்பாக்ஸைவிடத் திறன் குறைந்ததுதான்; ஆனாலும் விற்பனையில் அதை வெகுவாக முந்தியது.

விலை முக்கியம், ஆனால் விலையால் வரும் நோய் தீரக்கூடியது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் 25,000 யென்னுக்கு வெளியான நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் எதிர்பார்த்தபடி விற்காததால், ஆறு மாதத்திற்குள் அதன் விலை 15,000 யென்னாகக் குறைக்கப்பட்டது. ஆண்டு இறுதியில் மாரியோ கேம்கள் இரண்டு வந்தன. முடிவில் அது ஏழரைக் கோடிக்கு மேல் விற்றது. வீ யூவுக்கும் 2013இல் விலையைக் குறைத்தார்கள், பயன் சிறிதே. அது முற்றிலும் புதிய கன்சோலா, நிண்டெண்டோவின் முந்தைய கன்சோலான வீயுடன் இணைக்கும் கைப்பலகையா என்பதே வாங்குவோர் பலருக்கு விளங்கவில்லை. நிண்டெண்டோவின் அன்றைய தலைவர் சதோரு இவாடாவே அதை ஒப்புக்கொண்டார். பொருள் என்னவென்று புரியாதவரிடம் விலையைக் குறைத்துச் சொல்லி என்ன ஆகும்?

ஆகவே, உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், வெளியீட்டுக்கு அடுத்த முழுக் காலாண்டின் விற்பனை அறிக்கை வரும்வரை பொறுத்திருங்கள். நிண்டெண்டோ தன் எண்களைக் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. எக்ஸ்பாக்ஸின் எண்ணிக்கையை வெளியிடுவதை மைக்ரோசாப்ட் 2015இல் நிறுத்திவிட்டதால், அங்கே கேம் நிறுவனங்களின் அறிவிப்புகளையே நம்ப வேண்டியிருக்கும். நீங்கள் விளையாட விரும்பும் மூன்று நான்கு கேம்கள் ஏற்கெனவே வெளிவந்திருந்தால் இந்தக் காத்திருப்பே தேவையில்லை. கன்சோல் தோற்றாலும் அந்தக் கேம்கள் உங்களிடமே இருக்கும்.

2025 ஜூன் 5 அன்று வெளியான ஸ்விட்ச் 2, நான்கு நாள்களில் 35 லட்சம் விற்றதைப் பலரும் கொண்டாடினார்கள். என் கண் போனது அதற்குப் பிந்தைய எண்ணுக்கு: ஜூன் முடிவில் 58 லட்சமாக இருந்த மொத்த விற்பனை, செப்டம்பர் முடிவில் ஒரு கோடியைத் தாண்டியிருந்தது.