பனிக்கரடி ஊரில் மூன்று மாத வேலை: குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: டொரொன்டோவில் நர்ஸாக இருக்கிறேன். கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சில் ஊர் மருத்துவமனையில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஒப்பந்த வேலை வந்திருக்கிறது. கணவரும் ஆறு வயது மகனும் கூட வருகிறார்கள். அங்கே தெருவிலேயே பனிக்கரடி வருமாமே? எதிரே வந்துவிட்டால் மூச்சை அடக்கிப் படுத்துக்கொண்டால் போதும் என்கிறார் கணவர். சரியா?

பதில்: படுக்கவே கூடாது. சின்ன வகுப்பில் படித்த இரண்டு நண்பர்கள் கதை நம் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, செத்தவனைப் போலக் கிடந்தவனைக் கரடி மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். குட்டியைக் காப்பாற்றப் பாயும் பழுப்புக் கரடியிடம் அந்த யோசனை ஓரளவு எடுபடும். பனிக்கரடி மனிதர் மேல் பாய்வது பெரும்பாலும் பசியால். 1870 முதல் 2014 வரை பதிவான 73 தாக்குதல்களை ஆராய்ச்சியாளர்கள் அலசியதில் 20 பேர் இறந்திருக்கிறார்கள், அதிக ஆபத்தானவை என்று தெரிந்தது இளைத்துப்போன ஆண் கரடிகள். சாப்பிட வந்ததன் முன்னால் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

நீங்கள் போகிற மூன்று மாதமும் கரடி சீசன்தான். கடல் பனிக்கட்டி மேல் நின்று சீல் பிடித்துத் தின்கிற விலங்கு அது. ஜூலை வாக்கில் விரிகுடாவில் பனி உருகியதும் கரைக்கு வந்துவிடும், நவம்பரில் மறுபடி கடல் உறையும் வரை கிட்டத்தட்டப் பட்டினிதான். சர்ச்சில் பக்கத்தில் பனி முதலிலேயே கட்டும் என்பதால் அக்டோபர், நவம்பரில் அந்தக் கரையோரம் வந்து காத்துக் கிடக்கும். ஊரில் மனிதர்கள் ஏறத்தாழ 870 பேர்தான்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஊர் கரடியோடு வாழப் பழகிய ஊர். மாகாண அரசின் வன அலுவலர்கள் ரோந்து வருவார்கள், கரடியைப் பார்த்தால் 204-675-2327க்கு அழைக்க வேண்டும், போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். வெடிச்சத்தத்தில் விரட்டிப் பார்ப்பார்கள், போகாவிட்டால் சீல் இறைச்சி வைத்த பெரிய குழாய்ப் பொறியில் பிடித்து, 28 அறைகள் உள்ள கரடிச் சிறைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. ஊருக்குள் வந்தால் தீனி கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளக் கூடாது அல்லவா? அப்புறம் வலையில் கட்டி ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் ஊருக்கு வெகு தொலைவில் விடுவார்கள்.

ஊருக்குள் தீனி கிடைக்கக் கூடாது என்கிற அந்த விஷயம்தான் உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். குளிர்தானே, ஃப்ரிட்ஜ் எதற்கு என்று மீனையும் இறைச்சியையும் வாசல் திண்ணையில் வைக்கிற வேலையே கூடாது. கருவாட்டை டொரொன்டோவிலேயே விட்டுவிட்டுப் போங்கள் (மூன்று மாதம்தானே!). 1983இல் அங்கே கரடியிடம் உயிரிழந்தவர் எரிந்துபோன ஒரு ஹோட்டலில் இருந்து இறைச்சியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீச்சல்குளம் எல்லாம் நீண்ட தாழ்வாரங்களால் இணைந்த ஒரே கட்டடத் தொகுதி, அதனால் பகலில் பிரச்சினை குறைவு. நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் இரவு ஷிஃப்டைப் பற்றி. 2013 நவம்பர் 1 அன்று, ஹாலோவீன் (அக்டோபர் 31 மாலை குழந்தைகள் வேடமிட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் விழா) விருந்து முடிந்து விடியற்காலையில் நடந்து வந்த ஒரு பெண்ணைத் தெருவிலேயே கரடி பிடித்தது. சத்தம் கேட்டு மண்வெட்டியோடு ஓடிவந்த அக்கம்பக்கத்துக்காரர் அதை அடித்தார், அது அவளை விட்டுவிட்டு அவரைப் பிடித்தது, கடைசியில் இன்னொருவர் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியை நேராக அதை நோக்கி ஓட்டிய பிறகுதான் விலகியது. இருவரும் பிழைத்தார்கள். ஆகவே வீடு எதிர்த் தெருவிலேயே இருந்தாலும் இருட்டில் வண்டியில்தான் போக வேண்டும், வர வேண்டும்.

வெளியே கிளம்பும்போது முதலில் ஜன்னல் வழியாகப் பாருங்கள். கதவைக் கொஞ்சமாகத் திறந்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள், கட்டட மூலைகளில் ஒட்டித் திரும்பாமல் அகலமாகச் சுற்றி வாருங்கள். கடற்கரைப் பாறைகளுக்கு இடையில் கரடி படுத்துத் தூங்கும், பத்தடி தூரம் வரும்வரை தெரியாது, எச்சரிக்கைப் பலகை வைத்த பக்கம் போகவே வேண்டாம். ஊரில் பலர் வீட்டையும் காரையும் பூட்டுவதில்லை, யாராவது ஓடிவந்து ஒளிய வேண்டியிருக்கலாம் என்பதற்காக. நீங்களும் பூட்டாதீர்கள்.

சரி, இத்தனைக்கும் பிறகு எதிரே வந்துவிட்டால்? ஓடாதீர்கள், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடும். தலையைத் தூக்கி, காற்றை மோந்து, நின்று நின்று வந்தால் வேடிக்கை பார்க்கிறது: பேசிக்கொண்டே, முதுகைக் காட்டாமல் கட்டடத்தை நோக்கிப் பின்வாங்குங்கள். தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, புஸ் புஸ்ஸென்று சீறினால் நீங்கள் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம், விலகி வழிவிடுங்கள். பயமில்லாமல் நேராகவோ வட்டமிட்டோ பின்தொடர்ந்தால்தான் இரை தேடுகிறது. மகனைத் தூக்கிக்கொண்டு, எல்லோரும் ஒட்டி நின்று, கத்தி, கையில் கிடைத்ததை எறியுங்கள், மேலே விழுந்துவிட்டால் மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராட வேண்டியதுதான். கரடி ஸ்ப்ரே (கரடியின் முகத்தில் பீய்ச்சும் மிளகாய்க் காரத் தெளிப்பான்) பனிக்கரடிக்கும் வேலை செய்யும், ஆனால் விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், அங்கே போய் வாங்குங்கள். குளிரில் அழுத்தம் குறைந்துவிடும், கோட்டுக்கு உள்ளே வைத்திருந்து எதிர்க்காற்று இல்லாதபோது சில மீட்டர் தூரத்துக்குள் வந்ததும் அடியுங்கள். துப்பாக்கி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது.

மகனை ஹாலோவீனுக்கு வெளியே அனுப்பலாமா என்றால், தாராளமாக. அன்று மாலை ஊரைச் சுற்றி ரோந்து வண்டிகள் நிற்கும்.

ஆக, போகலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன் தங்குமிடம் எவ்வளவு தூரம், இரவு ஷிஃப்டுக்கு வண்டி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்ச்சிலுக்குச் சாலை கிடையாது, வின்னிபெக்கிலிருந்து ரயிலில் இரண்டு நாள், இல்லையென்றால் விமானம். உங்கள் காரை ஓட்டிக்கொண்டு போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நடக்காது.