ஆடி மாதம் வேலூரில் கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: போர்ட் பிளேரில் வசிக்கிறோம். அம்மாவின் பரிசோதனைகளுக்காக ஆகஸ்ட் முதல் வாரம் வேலூர் சி.எம்.சி.க்கு வருகிறோம். மூன்று வாரம் தங்க வேண்டியிருக்கும், நடுவில் பல நாள் சும்மாதான் இருப்போம். அம்மாவுக்கு 64 வயது, மூட்டுவலி உண்டு. ஊர்த் திருவிழா, சந்தை என்று எங்கெல்லாம் கூட்டிப்போகலாம்?

பதில்: நல்ல சமயத்தில் வருகிறீர்கள். ஆகஸ்ட் 16 வாக்கில்தான் ஆடி முடியும். அதுவரை எங்கள் பக்கத்தில் கிழமைக்கு ஒரு விசேஷம். அதனால் எந்த இடம் என்று முடிவு செய்யும் முன் எந்தக் கிழமை என்று பாருங்கள். ஒரே கோயில் புதன்கிழமை நிம்மதியாக இருக்கும். வெள்ளிக்கிழமை அம்மாவால் நிற்கவே முடியாது.

நேரமும் முக்கியம். உங்கள் தீவில் அப்போது நல்ல மழைக்காலம். இங்கே பகல் வெயில் 35 டிகிரியைத் தொடும், சாயங்காலம் திடீரென்று இடியும் மழையும் வரும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு திசை போதும்.

செவ்வாய்க்கிழமை கையில் இருந்தால் பொய்கை மாட்டுச் சந்தையை விடாதீர்கள். வேலூருக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. விடியும் முன்பே வண்டிகள் வந்து இறங்கும். ஆந்திராவிலிருந்தும் வியாபாரிகள் வருவார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதைவிட, ஒரு பேரத்தின் பக்கத்தில் நின்று கவனியுங்கள். முதலில் வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று வயதுக் கணக்கு. எட்டுப் பல்லும் விழுந்து முளைத்துவிட்டால் ‘கடை சேர்ந்த மாடு’, அதாவது முழு வளர்ச்சி அடைந்தது. அடுத்து உடம்பில் உள்ள மயிர்ச்சுழி, நடை, கறவைக்கு மடி. தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது மாட்டுச் சந்தைகளின் பழைய பழக்கம். அப்படி ஒரு ஜோடிக் கை கண்ணில் பட்டால் எட்ட நின்றே பாருங்கள், நடுவில் போய்ப் படம் எடுக்காதீர்கள். சாணியும் சேறும் இருக்கும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும் மாடும் இருக்கும். அம்மாவைச் சந்தைக்குள் நடக்க விடாமல், ஓரத்து டீக்கடையில் உட்கார வையுங்கள். அங்கிருந்தே பாதி வேடிக்கை தெரியும்.

அங்கிருந்து சிறிது தூரத்தில்தான் விரிஞ்சிபுரம். ‘விரிஞ்சிபுரம் மதிலழகு’ என்று பழமொழியில் வருகிற ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்கு மலையேற்றம் கிடையாது, அம்மாவின் மூட்டுக்கு நல்லது. உள்ளே நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது. அரைவட்டத்தில் எண்கள் செதுக்கியிருக்கும். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழும் இடம்தான் மணி. உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத இடம் அது.

அம்மன் கோயில் என்றால் படவேடு ரேணுகாம்பாள். கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போக வேண்டும். இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989-ல் வட ஆற்காடு பிரியும்வரை எல்லாம் ஒரே மாவட்டம். அங்கே மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் திருநீறுதான் பிரசாதம். ஆடி வெள்ளிகளில் கூட்டம் நெரியும், ஞாயிறும் அப்படியே. திங்கள், புதன், வியாழனில் போங்கள்.

வெள்ளியும் ஞாயிறும் நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். தங்கியிருக்கும் தெருவிலேயே ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், சில இடங்களில் கருவாட்டுக் குழம்பும் உண்டு. யாரும் ஊர், பேர் கேட்க மாட்டார்கள், சொம்பை நீட்டினால் போதும். ஆனால் அம்மா சிகிச்சையில் இருப்பவர். தண்ணீர் எங்கே பிடித்தது என்று நமக்குத் தெரியாது. அவர் கையில் வாங்கிக் கும்பிடட்டும், நீங்கள் குடியுங்கள்.

இந்தச் சீமைக்கே உரியது எது என்றால், திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாவைச் சொல்வேன். கோடையில் தொடங்கி ஆடி வரை ஊர் மாற்றி ஊர் நடக்கும். மத்தியானம் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கத் தெருக்கூத்து. முடிவு நாள் காலையில் துரியோதனன் படுகளம். மண்ணால் பிரமாண்டமான துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். அதைச் சுற்றிக் கூத்துக்காரர்கள் ஆட, பாஞ்சாலி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி. விடிய விடிய விழிப்பது அம்மாவுக்கு ஆகாது, படுகளத்துக்கு மட்டும் காலையில் போங்கள். இதற்கு நிலையான தேதி இல்லை. சுவரொட்டியைப் பாருங்கள், இல்லையென்றால் ஆட்டோக்காரரிடம் “பாரதம் எந்த ஊர்ல ஓடுது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

கோட்டையும் உள்ளே இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் எந்த நாளும் ஏற்றது. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த கோயில் அது. 1981-ல்தான் லிங்கம் திரும்ப வந்தது. கல்யாண மண்டபத் தூண்களுக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலின் நட்சத்திர நடைபாதை நீளமானது, மூட்டுவலியோடு யோசித்துப் போங்கள். ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி வேண்டவே வேண்டாம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு, அதையும் விட்டுவிடலாம். குடியாத்தம் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாளே முடிந்திருக்கும்.

சமைத்துக்கொள்ளும் வசதியுள்ள அறை எடுத்தால் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கேட்டு வாங்குங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பில் முள் இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். பூ வாங்குவதை வியாழன் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள், ஆடி வெள்ளியை நம்பி விலை ஏறியிருக்கும். ஊருக்கு எடுத்துப்போக ஆற்காட்டு மக்கன் பேடா நன்றாக இருக்கும். ஆனால் கிளம்பும் நாளுக்கு முதல் நாள் வாங்குங்கள். விமானமென்றால் சரி, மூன்று நாள் கப்பலுக்கு அது தாங்காது.