ஸ்டார்ட்டரில் செருகிய குச்சி

அன்புள்ள அக்கா,

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 16 வருடமாக டிசைன் பிரிவில் இருக்கிறேன். வயது 41. சிகாகோவில் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில், வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்றே வடிவமைப்பு முறைகளில் முதுகலைப் படிப்பு உண்டு என்று ஒரு நண்பர் சொன்னார். அன்றிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. இந்த வயதில் எதற்கு என்கிறார்கள் வீட்டில். செலவும் பெரிது. எனக்கே ஒரு சந்தேகம் இருக்கிறது: செய்து பார்த்து நான் கற்றதை விடவா ஒரு கல்லூரி கற்றுத் தந்துவிடும்? எங்கள் பிரச்சினை டிசைனில் இல்லை அக்கா. ஆட்கள் தவறாகப் பயன்படுத்துவதால்தான் நிறைய மோட்டார்கள் எரிந்து திரும்பி வருகின்றன. ஸ்டார்ட்டர் பட்டனில் குச்சியைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதற்கு எந்த முறை உதவும்? போகலாமா, வேண்டாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரம் நான் உடுமலையில் சின்னம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். அவர் போய் மூன்று மாதமாகிறது. மாவு ஆட்டி விற்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். அவருடைய டில்டிங் கிரைண்டரை யாருக்குக் கொடுப்பது என்று அதன் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் கடிதத்தைப் படித்தேன். ‘தவறாகப் பயன்படுத்துவதால்’ என்ற இடம் வந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த கிரைண்டரைச் சாய்த்து மாவை எடுக்க வேண்டுமென்றால் வலது பக்கம் உள்ள பிடியை இழுத்து லாக்கை விடுவிக்க வேண்டும். சின்னம்மாவுக்கு வலது தோள் போய் ரொம்ப நாளாகியிருந்தது. அந்தக் கையால் எதையும் அழுத்தி இழுக்க முடியாது. பழைய சுங்குடிச் சேலையில் இரண்டு முழம் கிழித்து, கயிறுபோல் திரித்து, பிடியில் கட்டி, முன்பக்கமாக இடது கைக்கு எட்டும்படி கொண்டுவந்திருந்தார். இடது கையால் இழுப்பார், லாக் விடும், வலது கை பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டாற்போல் தாங்கிக்கொள்ளும். உயரம் எட்டுவதற்குக் காலடியில் ஒரு மணை. தினமும் விடிகாலை இதைத்தான் செய்தார்.

ஒருமுறை கம்பெனியிலிருந்து சர்வீஸுக்கு வந்த பையன், “இதெல்லாம் கட்டக் கூடாதுங்கம்மா, அப்புறம் ஏதாவது ஆனா நாங்க பொறுப்பில்ல” என்று சொல்லி அந்தத் துணியை வெட்டிப் போட்டான். ஏன் கட்டினீர்கள் என்று அவன் கேட்கவில்லை. பக்கத்திலேயே நின்றிருந்த நானும் அதுவரை கேட்டதில்லை. அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் சின்னம்மா அடுத்த துண்டைக் கிழித்துவிட்டார்.

போன வாரம் அதே தெருவில் மாவு விற்கும் ஒரு பெண் கிரைண்டரை எடுத்துக்கொண்டார். துணியை அவிழ்த்துத் தரட்டுமா என்றேன். ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “இருக்கட்டுங்கக்கா” என்றார். அவருக்குத் தோள் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் குச்சிக்கு வருவோம். ஸ்டார்ட்டருக்குள் நோ-வோல்ட் காயில் எதற்கு இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கரண்ட் போனால் அது விட்டுவிடும். திரும்பி வரும்போது மோட்டார் தானாக ஓடாது, யாராவது வந்து பச்சை பட்டனை அழுத்த வேண்டும். ஆபீஸ் அறையில் உட்கார்ந்து ‘யாராவது’ என்று நினைத்துக்கொள்வது சுலபம் தம்பி. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று தெரியாத ஊரில் அந்த யாராவது என்பவர், பகலெல்லாம் வேலை செய்துவிட்டுப் படுத்தவர், நடுராத்திரி எழுந்து, பூச்சி பொட்டுக்குப் பயந்து டார்ச் அடித்துக்கொண்டு, வரப்பில் நடந்து வர வேண்டியவர். குச்சியைச் செருகினால் பட்டன் அழுந்தியே இருக்கும், கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், அந்த நடை மிச்சம். அதில் ஆபத்து இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மூன்று முனையில் ஒரு பேஸ் விட்டுப்போன நேரத்தில் மோட்டார் எழும்பப் பார்த்தால் புகைந்துவிடும். யாராவது கை வைத்திருக்கும்போது ஓடினால் உயிருக்கே கேடு. இதெல்லாம் அவருக்கும் தெரியும். எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவு அவர் தலையில்தானே விழுகிறது? தெரிந்தும் செருகுகிறார் என்றால் அந்த ராத்திரித் தூக்கம் அவருக்கு என்ன விலை பெறும் என்று யோசித்தீர்களா? கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரை எடுக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் கடையில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. அவருடைய மோட்டார் ரூமில் அது ஏன் இல்லை என்று போய்க் கேட்டீர்களா? இந்த 16 வருடத்தில் எத்தனை ராத்திரி ஒரு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? தவறான பயன்பாடு என்று ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டால் கேள்வி அங்கேயே செத்துப்போகிறது. அந்த ஒரு சொல்லை உங்கள் கம்பெனித் தாள்களிலிருந்து அடித்துவிட்டாலே பாதிப் படிப்பு முடிந்த மாதிரி.

நீங்கள் படிக்க நினைக்கும் துறையே இந்த மாதிரி ஒரு கோபத்தில் பிறந்ததுதான். ஜான் கிறிஸ் ஜோன்ஸ் வேல்ஸ்காரர். மான்செஸ்டரில் ஒரு பெரிய மின்சாதனக் கம்பெனியில் வடிவமைப்பாளராக இருந்தார். மனிதர்கள் இயந்திரங்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய்ந்து முடிவுகளைக் கொடுத்தார். எஞ்சினியர்கள் அவற்றைப் பயன்படுத்தவே இல்லை. அப்புறம் அவர் எஞ்சினியர்களையே ஆராயத் தொடங்கினார். இவர்கள் எந்தக் கட்டத்தில் எதை முடிவு செய்கிறார்கள்? பயன்படுத்தப் போகிறவரைப் பற்றித் தெரிந்த விஷயம் உள்ளே நுழைய எந்த இடத்தில் வழியில்லாமல் போகிறது? 1962-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் நடந்த வடிவமைப்பு முறைகள் மாநாட்டை முன்னின்று நடத்தியவர்களில் அவரும் ஒருவர். 1970-ல் அவருடைய புத்தகம் வந்தது. அனுபவசாலிகள் தெரிந்த விடைக்குத் தாவும் இடத்தில் அவர்களைச் சட்டையைப் பிடித்து நிறுத்தத்தான் முறை வந்தது. உங்கள் சந்தேகத்துக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

அதே ஜோன்ஸ் சில வருடங்களில் அந்த இயக்கத்தை விட்டு விலகியும் போனார். வாழ்க்கை முழுவதையும் தர்க்கச் சட்டகத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் வருத்தம். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அப்படித்தான். ஓர் இந்தியக் கிராமத்தின் தேவைகளை ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு 1964-ல் புகழ்பெற்ற நூலை எழுதியவர், 1971-ல் அதே நூலுக்கு எழுதிய முன்னுரையில், வடிவமைப்பைச் செய்வதிலிருந்து பிரித்து முறையை மட்டும் தனியாகப் படிப்பது வீண் என்று சொல்லிவிட்டார். இதைப் படித்தபோதுதான் அனுபவம் உள்ளவர்களுக்கென்று ஒரு வகுப்பு இருப்பது சரி என்று எனக்குத் தோன்றியது. 22 வயதுப் பிள்ளைக்கு முறை என்பது மனப்பாடம். உங்களிடம் அது மோதிப் பார்க்க 16 வருடத் தொழில் இருக்கிறது, எரிந்துபோன மோட்டார்கள் இருக்கின்றன.

நீங்கள் போக நினைக்கும் அந்த சிகாகோ பள்ளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மொஹோலி-நாகி என்ற ஹங்கேரியர் 1937-ல், ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியின் பெயரில், ‘புதிய பௌஹவுஸ்’ என்று தொடங்கியது. ஒரே வருடத்தில் பணமில்லாமல் நின்றுபோனது. 1939-ல் விடாமல் மறுபடி திறந்தார். தொடக்க வகுப்பில் மாணவர்கள் ஒரு மரத்துண்டைக் கைக்குள் அடங்கும்படி செதுக்க வேண்டும். கண்ணுக்கு அழகா என்பது அங்கே கணக்கில்லை. விரல் எங்கே பதிகிறது, உள்ளங்கை எங்கே ஒத்துக்கொள்கிறது என்பதுதான். சின்னம்மாவின் கிரைண்டருக்குப் பிடி போட்டவர் கையில் அப்படி ஒரு மரத்துண்டு ஒரு நாளாவது இருந்திருக்கலாம்.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 41 ஒரு வயதா? அதை விடுங்கள். பணம் உங்களுக்கும் வீட்டில் இருப்பவருக்கும் இடையிலான கணக்கு, நான் அதில் நுழைய மாட்டேன். ஆனால் ஒரே மேஜையில் 16 வருடம் உட்கார்ந்த பிறகும் போதாது என்று ஒருவருக்குத் தோன்றுவது பெரிய விஷயம் தம்பி. திட்டிவிட்டேனே தவிர, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

போங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். குச்சி செருகும் ஒரு விவசாயியின் தோட்டத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள். அறிவுரை சொல்லாதீர்கள், குச்சியைப் பிடுங்காதீர்கள். அவர் நிஜமாகவே தூங்குகிறாரா, மோட்டார் எடுக்கும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தபடி படுத்திருக்கிறாரா என்று பாருங்கள். குச்சி எந்த மரத்தினுடையது, எவ்வளவு நீளம், யார் சீவியது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா