கிரீன் பில்டிங் சர்டிபிகேட் வாங்கினா வீட்டு வரி குறையுமா?

கேள்வி: தாம்பரம் பக்கத்துல 1200 சதுர அடி மனை வாங்கியிருக்கோம். கீழ ஒரு போர்ஷன், மேல ஒரு போர்ஷன் கட்டப் போறோம். பிளான் அப்ரூவல் வாங்கித் தர்றவர், கிரீன் பில்டிங் சர்டிபிகேட் எடுத்துட்டா சொத்து வரியில 10 சதவீதம் தள்ளுபடி, கூடுதலா கட்டவும் பர்மிஷன் கிடைக்கும், 65,000 ரூபா கொடுத்தா எல்லாம் முடிச்சுத் தர்றேன்ங்கிறார். வாங்கலாமா? வீடு வெயில் தாங்கணும், தண்ணி லாரிக்கு நிக்கக் கூடாது, எங்களுக்கு அவ்வளவுதான் ஆசை.

பதில்: வேண்டாங்க. அந்த 65,000த்தை அப்படியே வச்சுக்கங்க, அதுக்கு உங்க வீட்டுலயே நல்ல வேலை இருக்கு.

இந்த 10 சதவீதக் கதை எங்கேர்ந்து வந்திருக்கும்னு எனக்குத் தெரியும். புனே மாநகராட்சியில சோலார், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரக்குழி வச்ச வீடுகளுக்கு சொத்து வரியில 5லேர்ந்து 10 சதவீதம் வரை கழிவு உண்டு, அது நிஜம். அதை எடுத்து நம்ம ஊர் நோட்டீஸ்ல ஒட்டி விக்கறாங்க. இங்க அரையாண்டு வரியை முதல் 30 நாளுக்குள்ள கட்டினா 5 சதவீதம் ஊக்கத்தொகை வருது பாருங்க, அதுக்கும் கிரீனுக்கும் சம்பந்தமே இல்ல, சீக்கிரம் கட்டினதுக்காகத் தர்றது. ஆனா அந்த ரசீதைக் காட்டியே சில பேர் 'பாருங்க, என் கிளையண்டுக்கு குறைச்சிருக்காங்க'ன்னு நம்ப வச்சுடறாங்க. அரசாணை நம்பரும் தேதியும் கேளுங்க. நம்பர் வரலைன்னா சலுகையும் இல்ல.

கூடுதலா கட்ட அனுமதிங்கிறது உங்களுக்கு இன்னும் வீண். எஃப்.எஸ்.ஐ.ன்னா மனை அளவுக்கு எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு, அவ்வளவுதான். நம்ம கட்டட விதியில அது சாதாரணமா 2, அதாவது 1200 சதுர அடி மனையில 2400 வரைக்கும். நீங்க சுத்தி விட வேண்டிய இடத்தை விட்டுட்டு மாடிக்கு 750ன்னு கட்டினாலும் மொத்தம் 1500தான் வரும். கொடுத்திருக்கறதையே நீங்க முழுசா தொடல, அதுக்கு மேல கூடுதல் எதுக்கு?

ஐ.ஜி.பி.சி., கிரிஹா இதெல்லாம், கட்டடம் மின்சாரத்தையும் தண்ணியையும் எவ்வளவு மிச்சம் பிடிக்குதுன்னு பார்த்துத் தர்ற உண்மையான கிரீன் பில்டிங் சான்றுதான், நான் குறை சொல்லல. பெரிய கட்டடம், ஐடி பார்க் கட்டறவங்களுக்கு அர்த்தம் இருக்கு. உங்க வீட்டு அப்ரூவலுக்கு அது தேவையே இல்ல. 2024 ஜூலையில வந்த சுயசான்று திட்டத்துல 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளம் மட்டுமோ, அதோட ஒரு மாடியோன்னா ஆன்லைன்லயே உடனடி அனுமதி, பரிசீலனைக் கட்டணம்கூட கிடையாது. உங்க வீடு அதுக்குள்ள வருது. இதுக்கு நடுவுல ஆள் எதுக்குன்னு நீங்களே யோசிங்க.

இப்ப தண்ணி. 800 சதுர அடி மொட்டை மாடின்னு வைங்க. சென்னைப் பக்கம் வருஷத்துக்கு சுமார் 1400 மி.மீ. மழை, அப்படின்னா அந்த மாடியில மட்டும் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிட்டர் விழுது. சேதாரம் போக 80,000 லிட்டர் நிக்கும்னு வச்சாலும் 12,000 லிட்டர் லாரி ஆறு, ஏழு லாரி. இது உங்க தலைக்கு மேலேர்ந்து இலவசமா வர்ற தண்ணி, இதை சாக்கடைக்கு விடறதைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது.

மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம்னு 2003லயே அவசரச் சட்டம் போட்டாச்சு. விதியில குழி அளவுகூட தெளிவா இருக்கு, 30 செ.மீ. விட்டம், 3 மீட்டர் ஆழம், வீட்டைச் சுத்தி 3 மீட்டருக்கு ஒண்ணு, உள்ள உடைச்ச செங்கல் இல்லன்னா கூழாங்கல், மேல ஓட்டை போட்ட சிலாப். கேட் வாசல்ல ஏழரை செ.மீ. உயரத்துக்கு சின்னத் தடுப்பு, மழைத்தண்ணி ரோட்டுக்கு ஓடாம. இதையெல்லாம் யார் வந்து பாக்கறாங்க? போன வருஷம் ஒரு வீட்டுல சிலாப்பைத் தூக்கிப் பார்த்தேன், ஒண்ணரை அடி ஆழம், உள்ள சிமெண்ட் பூசி தொட்டி மாதிரி வச்சிருக்காங்க, ஒரு சொட்டு இறங்காது, கொசு முட்டைதான். பிளான்ல அது 3 மீட்டர். மேஸ்திரி ஆள் கூலியை மிச்சம் பிடிச்சுட்டார், வீட்டுக்காரருக்குத் தெரியல. நீங்க குழியில ஜல்லி போடற அன்னிக்கு லீவ் போட்டுட்டு நின்னு பாருங்க, டேப் வச்சு அளங்க.

ஒரே ஒரு விஷயம், மண்ணு. உங்க மனை முன்னாடி ஏரி ஆயக்கட்டா வயலா இருந்த இடம்னா மேல களிமண் இருக்கும், அதுல விதிப்படி குழி போட்டாலும் தண்ணி இறங்காது. எப்படித் தெரிஞ்சுக்கறது? ரெண்டு அடி தோண்டி அதுல ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க, காலையில போய்ப் பாருங்க. வத்தியிருந்தா கவலையில்ல. நின்னுக்கிட்டே இருந்தா குழிக்குள்ளயே போர் மாதிரி துளை போட்டு களிமண்ணைத் தாண்டி மணல் வர்ற வரைக்கும் இறக்கணும், பத்தடியோ பதினஞ்சடியோ, மண்ணைப் பொறுத்தது. அதுக்கும் ஒரு விலக்கு, மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணியே மேல வந்து நிக்கற தாழ்வான இடம்னா குழியால பிரயோஜனம் இல்ல, மாடித்தண்ணியை ஃபில்டர் வழியா சம்புக்குத்தான் கொண்டு போகணும். பழைய கிணறு இருந்தா மூடவே மூடாதீங்க, அதைவிட நல்ல குழி எதுவும் கிடையாது. ஆனா முதல் மழைத்தண்ணியை வெளிய தள்ள ஒரு வால்வு வைங்க, மாடி அழுக்கு கிணத்துக்குப் போகக்கூடாது.

வெயிலுக்கு வருவோம். மாஸ்டர் பெட்ரூமை கன்னி மூலையில, அதாவது தென்மேற்குலதான் வைக்கணும்பீங்க, வைங்க, நான் தடுக்கல. ஆனா சாயங்கால வெயில் முழுக்க அந்த மேற்குச் சுவர்லதான் அடிக்கும், ராத்திரி ஒன்பது மணிக்கு சுவர்ல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, இட்லிப் பானை மாதிரி இருக்கும். அதனால அந்தப் பக்க ஜன்னலைச் சின்னதாக்கி ரெண்டடி சன்ஷேடும், முடிஞ்சா வெளிய ஒரு தட்டியும் வைங்க. மேற்குல மிச்ச இடத்துக்கு படிக்கட்டு, பாத்ரூம், அலமாரின்னு தள்ளிடுங்க. மாடிக்கு நல்ல வாட்டத்தோட வெள்ளை கூலிங் டைல்ஸ், பட்ஜெட் இல்லன்னா வருஷா வருஷம் சுண்ணாம்பு. இதுலயும் ஏமாந்துடாதீங்க, ஏதோ நானோ பெயிண்ட் அடிச்சா 15 டிகிரி குறையும்னு வருவாங்க, அது மாடியோட மேல்பரப்புல குறையற சூடு, உங்க ரூமுக்குள்ள அவ்வளவு குறையாது.

சோலார் சுருக்கமா. மத்திய அரசோட சூர்யா கர் திட்டத்துல முதல் ரெண்டு கிலோவாட்டுக்கு தலா 30,000, மூணுக்குன்னா மொத்தம் 78,000 மானியம். பேனல் போட்டு ஓட ஆரம்பிச்ச பிறகு உங்க பேங்க் அக்கவுண்டுக்கே வரும். மானியம் வாங்கித் தர்றேன்னு கையில காசு கேக்கறவரை வாசலோட அனுப்புங்க. பேட்டரி சிஸ்டம் மட்டும் வாங்கிட்டு, ஈ.பி. லைனோட சேக்காம விட்டா மானியம் கிடையாது.

உள்ளாட்சி மேல எனக்கு இருக்கற கோபத்தையும் சொல்லிடறேன். சீக்கிரம் வரி கட்டினவங்களுக்கு கம்ப்யூட்டர்லயே 5 சதவீதம் குறைக்க முடியுது, வேலை செய்யற மழைக்குழி வச்சவனுக்கு அதே மாதிரி குறைக்க என்ன தடை? மழை முடிஞ்ச கையோட வார்டு இன்ஜினியர் ஒரு தடவை சிலாப்பைத் தூக்கிப் பார்த்தா போதும். சின்ன வீடுகளுக்கு பணி நிறைவுச் சான்றும் வேண்டாம்னு விட்டாச்சு, சுயசான்றுல வீட்டுக்காரர் கையெழுத்தும் போட்டாச்சு, ஆனா கட்டினதைப் பாக்க ஆள் இல்ல. அந்த வெற்றிடத்துலதான் இந்த சர்டிபிகேட் ஆளுங்க கடை போடறாங்க.

ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்துட்டீங்கன்னா அரசாணை நகல் கேட்டு வாட்ஸப்ல எழுதி அனுப்புங்க, பதிலும் எழுத்துல வரட்டும். பணம் திரும்பி வந்தா முதல் செலவா குழிக்கு ஆளைப் பேசுங்க, சுத்துச்சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே. அப்புறம் போர் மிஷின் உள்ள வராது.