நீலப் புகை வந்தால் உடனே இன்ஜினை இறக்கணுமா?

வண்டி கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் புகை பற்றியவையே அதிகம், அதுவும் எல்லாம் நம் கடற்கரைப் பக்கத்திலிருந்து. அதனால் பேட்டரி, டயர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணே, அப்பா வாங்கிய 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 1,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரிலிருந்து நீலமாகக் குப்பென்று புகை வருகிறது, ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பாம்பன் பாலத்தில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கி முடித்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி புகை, பின்னால் பைக்கில் வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆயிலும் குறைகிறது. வண்டியைக் காட்டிய இடத்தில் இன்ஜினை இறக்கி போர் வேலை (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்வது) பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தச் செலவுக்கு வேறொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம் போலிருக்கிறது. விற்றுவிடட்டுமா?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

விற்காதீர்கள் தம்பி. இன்ஜினையும் இப்போதைக்கு இறக்க விடாதீர்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்று பார்க்காமல் போர் வேலை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மேலே, வால்வுகள் இருக்கும் ஹெட்டிலிருந்து வால்வுத் தண்டு வழியாகக் கீழே இறங்கலாம், அல்லது அடியிலிருந்து, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கைத் தாண்டி மேலே ஏறலாம். மேலிருந்து என்றால் வால்வு சீல், அதாவது தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம், சின்ன வேலை. அடியிலிருந்து என்றால் ரிங், பிஸ்டன், போர் என்று நீளும். எந்த வழி என்பதைப் புகை வரும் நேரமே காட்டிக்கொடுக்கும், உங்கள் கடிதத்திலேயே அது இருக்கிறது.

ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது ஹெட்டில் தங்கிய ஆயில், கெட்டியாகிப்போன ரப்பர் சீலைத் தாண்டிச் சொட்டுச் சொட்டாகச் சிலிண்டருக்குள் இறங்குகிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அது எரிந்து தீர்கிறது, அதனால்தான் ஒரு நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. பாலத்து விஷயமும் இதேதான். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறது, இறங்கும்போது காலை எடுத்துவிட்டு வண்டியை கியரிலேயே விடுகிறீர்கள், கார்புரேட்டரின் வாய் மூடியிருப்பதால் இன்ஜின் காற்றுக்காகப் பலமாக உறிஞ்சுகிறது, காற்று கிடைக்காத அந்த இழுப்பு வால்வுத் தண்டின் ஓரமாக ஆயிலை இழுத்துக்கொள்கிறது. கீழே வந்து மிதித்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் எரிகிறது. ரிங் போயிருந்தால் கதையே வேறு, இன்ஜின் பாரம் இழுக்கும் நேரத்தில், அதாவது பாலத்தில் ஏறும்போது, விடாமல் புகைந்திருக்கும். உங்களுக்கு ஏற்றத்தில் புகை இல்லை என்பதே பெரிய நல்ல சேதி.

ஆனாலும் கடிதத்தை மட்டும் வைத்து நான் அடித்துச் சொல்லக் கூடாது, சோதித்துவிடுங்கள். முதலில் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, ஆயில் அளவு காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றால் அதுவேகூடப் புகைக்கும் (சர்வீசில் அளவு பார்க்காமல் ஊற்றி அனுப்பிய வண்டிகள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன). அப்புறம் இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். அங்கிருந்து தொடர்ந்து புகை தள்ளிக்கொண்டு வந்தாலோ, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருந்தாலோ ரிங் பக்கம் சந்தேகப்படலாம், ஆனால் அதற்கு முன் இன்ஜினிலிருந்து வரும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று கழற்றிப் பார்த்துவிடுங்கள். அது அடைத்தாலும் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் வேண்டாத இடத்துக்குப் போகும், அதைக் கழுவ ஒரு பைசா செலவில்லை.

முடிவாகச் சொல்வது கம்ப்ரஷன் டெஸ்ட்தான், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பிளக் ஓட்டையில் மீட்டர் வைத்துப் பார்ப்பது. இன்ஜின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் முள் எங்கே நிற்கிறது என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக, நல்ல அளவில் இருந்தால் ரிங்கைத் தொடவே தேவையில்லை. ஒன்று குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. அரை மணி நேர வேலை இது. இதைச் செய்யாமல் இன்ஜினை இறக்கச் சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

உங்கள் வண்டியில் ஆறு வால்வு, ஆறு சீல். பொருளின் விலை சில நூறுதான், கூலிதான் மீதி. ஹெட்டைக் கழற்றிச் செய்தால் வால்வை ஆட்டிப் பார்த்து, அதன் தண்டு ஓடும் குழாயான கைடு தேய்ந்திருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ளலாம், கைடு ஆடினால் புது சீல் போட்டாலும் சில மாதத்தில் புகை திரும்பிவிடும். ஹெட் கேஸ்கட்டோடு டைமிங் பெல்ட்டையும் அப்போதே மாற்றிவிடுங்கள். ஹெட்டைக் கழற்றாமலும் ஒரு வழி இருக்கிறது. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில், பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றை உள்ளே நுழைத்து, நுனியை வெளியே விட்டு, பிஸ்டனைக் கையால் மெல்ல மேலே ஏற்றினால் சுருண்ட கயிறு வால்வுகளைக் கீழே விழாமல் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்து, சீலை மாற்றிவிடலாம். நம் ஊரில் கயிற்றுக்குப் பஞ்சமில்லை, ஆனால் படகில் கிடந்த கயிறு வேண்டாம், ஒரு மணல் பொடி உள்ளே போனாலும் போரில் கீறல் விழும். புதுக் கயிறு வாங்குங்கள்.

உடனே பணம் புரட்ட முடியாது என்றால் ஆயிலை மேல் கோடு வரை ஊற்றி, மீட்டரைக் குறித்துவைத்து, 500 கிலோமீட்டருக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். கொஞ்சமாகக் குறைந்தால் ஊற்றி ஊற்றி ஓட்டலாம். கீழ்க் கோட்டுக்குக் கீழே மட்டும் ஒருநாளும் விடாதீர்கள், புகையால் இன்ஜின் சாகாது, ஆயில் இல்லாமல் செத்துவிடும்.

ராமேஸ்வரத்தில் பழைய ஆம்னி வைத்துச் சவாரி ஓட்டுகிறேன். தினமும் தனுஷ்கோடி. எட்டு மாதத்துக்கு முன்புதான் ரிங் மாற்றினேன், மறுபடி நீலப் புகை. ரிங் டூப்ளிகேட்டாக இருக்குமோ?
– ஒரு ஓட்டுநர், ராமேஸ்வரம்

இருக்கலாம். ஆனால் நான் முதலில் பார்ப்பது உங்கள் ஏர் ஃபில்டரை. அரிச்சல்முனை ரோட்டில் காற்று அடிக்கும்போது மணல் ரோட்டைக் கடந்து போவதைத் தினமும் பார்க்கிறீர்கள், அதையேதான் இன்ஜினும் மூச்சில் இழுக்கிறது. உப்புக் காற்றில் ஃபில்டர் பெட்டியின் கிளிப் துருப்பிடித்து மூடி சரியாக உட்காராமல் போகும், ரப்பர் குழாய் வெடித்திருக்கும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஃபில்டரைத் தாண்டி இன்ஜின் பக்கம் இருக்கும் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று பட்டால் காரணம் கிடைத்துவிட்டது. அந்த மணல் ஆயிலோடு சேர்ந்து உப்புத்தாள் போல ரிங்கையும் போரையும் தேய்க்கும், எவ்வளவு நல்ல ரிங் போட்டாலும் தாங்காது. கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு மணலில் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது, வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

விரல் சுத்தமாக வந்தால் சந்தேகம் ரிங் போட்ட விதத்தின் மேல் போகிறது. போரை அளக்காமல் ரிங்கை மட்டும் மாற்றியிருப்பார்கள். தேய்ந்த போர் வட்டமாக இருக்காது, மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும், வட்ட ரிங் அதில் எப்படி ஒட்டும்? போரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்து மேலே இழுத்தால் ஒரு படி தட்டுகிறதா பாருங்கள். தட்டினால் லேத்தில் கொடுத்து அளந்து, தேவைப்பட்டால் 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ், அதாவது அந்த அளவு பெரிய பிஸ்டனுக்குப் போர் எடுக்க வேண்டும். போர் நன்றாக இருந்தாலும் ஹோனிங் (சுவரில் மெல்லிய கோடுகள் போட்டுச் சொரசொரப்பாக்குவது) செய்யாமல் புது ரிங் போடக் கூடாது, கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சுவரில் ரிங் படியாது.

நான் அரபு நாட்டில் வேலை செய்கிறேன். ஊரில் 2008 மாடல் பெட்ரோல் கார் பத்து மாதம் அப்படியே நின்றது. வந்து ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை நிற்கவே இல்லை. விட்டுப்போகும்போது நன்றாகத்தான் இருந்தது.
– ஒரு வாசகர், கீழக்கரை

கடலோரத்தில் நின்ற வண்டி இது, அவசரப்பட்டு எதையும் பிரிக்காதீர்கள். நின்ற இடத்திலேயே ஆயில் ரிங் பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கும், போரில் லேசாகத் துருவும் படிந்திருக்கலாம். பழைய ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிறகு ராமநாதபுரம் வரை நாலைந்து முறை நிதானமாகப் போய்வாருங்கள், நன்றாகச் சூடேறினால் பல நேரம் ரிங் தானே விட்டுக்கொடுக்கும். விடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி, கார்பனைக் கரைக்கும் திரவத்தைச் சிலிண்டரில் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, பெட்ரோல் வராமலும் பொறி வராமலும் செய்து, பிளக் இல்லாமலேயே செல்ஃப் அடித்து வெளியேற்றி, மறுபடி புது ஆயில் மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் பிரிப்பது. நீண்ட நாள் புகையோடு ஓட்டாதீர்கள், சைலன்சர் குழாயில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஆயில் சாம்பலில் கெட்டுப்போகும், அதன் விலை ரிங்கைவிட அதிகம். அடுத்த முறை கிளம்பும்போது வீட்டில் யாரையாவது வாரம் ஒருமுறை வெளியே ஓட்டிவரச் சொல்லுங்கள். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிடம் ஸ்டார்ட்டில் வைப்பது போதாது, ஆயிலில் சேர்ந்த ஈரம் போகாது.

நீலப் புகை வருகிறது, ஆனால் புகைச் சான்று வாங்கப் போனால் பாஸ் ஆகிவிட்டது. அப்படியானால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– ஒரு வாசகி, ஏர்வாடி

இல்லை அம்மா. பெட்ரோல் வண்டியில் அந்த மெஷின் முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஹைட்ரோகார்பனையும்தான் அளக்கிறது, அதுவும் இன்ஜின் சூடாக, பாரம் இல்லாமல் ஓடும்போது. காலை ஸ்டார்ட்டில் வரும் புகை அதில் மாட்டாது.

மீன் லோடு அடிக்கும் டீசல் மினி வேன், டர்போ இன்ஜின். ஏற்றத்தில் நீலமாகப் புகைகிறது, ஆயில் வேகமாகக் குறைகிறது.
– ஒரு வேன் உரிமையாளர், மண்டபம்

டர்போ என்பது காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி, அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயை இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். லேசான ஈரம் பரவாயில்லை, ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போய்விட்டது, லோடு ஏற்றாதீர்கள். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு தானாக வேகம் ஏறும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நடந்தால் பிரேக்கை முழுக்க அழுத்தி, டாப் கியரில் போட்டு, கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்துங்கள். வண்டி நிற்கும்போது நடந்தால் காற்று இழுக்கும் வாயைப் பலகையால் அடையுங்கள், கையை வைத்து மூட முயலாதீர்கள்.